விமான நிலையச் சோதனையும் பயணியின் அந்தரங்கமும்

வழியே செல்லும் ஒருவரை அயலார் நிறுத்தி, அவர் கைப்பெட்டியைத் திறந்து காட்டுமாறு கேட்டால், அவர் சினங்கொள்வார். உடையின்மேல் கைவைத்துத் தடவிப் பார்க்க முற்பட்டாலோ, அது குற்றமாகவே கருதப்படும். ஆயினும் விமான நிலையத்தின் வாயிலில் இவ்விரண்டும் நாள்தோறும் நிகழ்கின்றன, எவரும் வியப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் பெரும்பாலான நாள்களில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரிசையில் நின்று, சட்டைப்பையில் உள்ளவற்றைத் தட்டில் இட்டு, கைகளை உயர்த்திக் காட்டிச் செல்கின்றனர். உயிர்மேல் உள்ள ஆசையால் மக்கள் இதற்கு உடன்படுகின்றனர் என்பது தெளிவு. ஆனால் எந்த அளவுக்கு உடன்படலாம்? அவ்வளவை வரையறுப்பவர் யார்? அந்நாட்டுப் பயணிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாக்களை எழுப்பி வருகின்றனர்.

தொடக்கத்தில் சோதனை என்பதே இல்லை. பயணச்சீட்டு உடையவர் பேருந்தில் ஏறுவதுபோல விமானத்தில் ஏறினர். வழியனுப்ப வந்த உற்றார் விமானத்தின் அருகு வரையிற் சென்று விடைகொடுத்தனர். 1961-ஆம் ஆண்டு மே மாதம் ஃபுளோரிடா மாநிலத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் ஒன்றை ஒருவன் அச்சுறுத்திக் கியூபாவுக்குத் திருப்பினான். அதன்பின் இத்தகைய கடத்தல்கள் பெருகின. 1968 முதல் 1972 வரையில் அமெரிக்காவில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட கடத்தல் முயற்சிகள் நிகழ்ந்தன. அப்போதும் விமானக் கம்பெனிகள் சோதனையை விரும்பவில்லை. பெட்டியைக் கிளறினால் பயணிகள் மனம் புண்பட்டு விமானத்தையே வெறுப்பர் என்று அவை அஞ்சின. 1972 நவம்பரில் மூவர் ஒரு விமானத்தைக் கைப்பற்றி, அதனை ஓக் ரிட்ஜ் என்னும் ஊரிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தின்மேல் மோதப்போவதாக அச்சுறுத்தினர். அரசு அதற்குமேல் பொறுக்கவில்லை. 1973 ஜனவரி 5-ஆம் நாள் முதல் பயணியர் அனைவரும், அவர்தம் கைப்பைகளும் சோதிக்கப்படலாயினர்.

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் 1791-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருப்பது. மக்களின் உடலையும் வீட்டையும் ஏடுகளையும் உடைமைகளையும் நியாயமின்றிச் சோதித்தல் கூடாது என்று அது விதிக்கின்றது. ஐயத்துக்கு இடமில்லாத ஒரு மூதாட்டியின் கைப்பையைத் திறப்பது எவ்வாறு நியாயமாகும்? இவ்வினாவுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1973-ஆம் ஆண்டிலேயே விடை கூறியது. குற்றவாளியைப் பிடிப்பது இச்சோதனையின் நோக்கமன்று. படைக்கருவியோ வெடிபொருளோ விமானத்தினுள் செல்லாமல் தடுப்பதே நோக்கம். ஆதலால் ஒவ்வொருவர்மீதும் தனித்தனியே ஐயம் இருத்தல் வேண்டுவதில்லை என்று அது கூறிற்று. ஆனால் இரு வரம்புகளையும் உடன் வைத்தது. தேவைக்கு மேற்பட்டுச் சோதித்தல் கூடாது. சோதனையை விரும்பாதவர் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பிச் செல்லலாம். இவற்றுள் இரண்டாவது வரம்பு நிலைக்கவில்லை. சோதனை தொடங்கிய பின்னர் இடையில் திரும்பிச் செல்லும் உரிமை இல்லை என்று 2007-ஆம் ஆண்டு அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அக்காலத்துக் கருவி உலோகத்தைக் கண்டறியும் வாயிற்சட்டமாகும். அதன் இரு பக்கங்களிலும் மறைந்துள்ள கம்பிச்சுருள்கள் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. உலோகம் அப்புலத்தினுள் வருமாயின் அதில் சிறு மின்னோட்டம் தோன்றி, புலத்தை மாற்றுகின்றது. உடனே மணி ஒலிக்கின்றது. வீட்டுச் சாவிக்கும் கத்திக்கும் வேறுபாடு அறியாத கருவி அது. ஆனால் அக்குறையிலேயே ஒரு நன்மையும் இருந்தது. மனிதரின் மேனியைப் பற்றி அது யாதும் அறியாது. அதனாற்போலும், பயணிகள் பெரிதும் முறையிடாமல் அவ்வாயிலைக் கடந்து சென்றனர்.

2001 செப்டம்பர் 11-ஆம் நாள் பத்தொன்பது பேர் நான்கு விமானங்களைக் கடத்தினர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் என்னும் அரசுத்துறை தோன்றியது. அதன்பின் ஒவ்வொரு சதிக்கும் ஒவ்வொரு விதி பிறந்தது. 2001 டிசம்பரில் பாரிசு நகரிலிருந்து புறப்பட்ட விமானத்தில் ஒருவன் தன் காலணியில் வைத்திருந்த வெடிபொருளைக் கொளுத்த முயன்றான். காலப்போக்கில் பயணிகள் அனைவரும் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2006-ஆம் ஆண்டு நீர்மப் பொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி இலண்டனில் வெளிப்பட்டது. நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிகள் கைப்பையிலிருந்து விலக்கப்பட்டன. ஒருவன் செய்த முயற்சிக்காகக் கோடிக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடந்த அவ்விதி 2025 ஜூலையில்தான் நீங்கியது. விதியைப் பிறப்பிப்பது எளிது. அதனைத் திரும்பப் பெறுவதற்கோ பெருந்துணிவு வேண்டும்.

இவ்விதிகளை மக்கள் ஒருவாறு பொறுத்துக்கொண்டனர். பெரும்பூசல் விளைந்தது அதற்குப் பின்னர். 2009-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் நகருக்குச் சென்ற விமானத்தில் இளைஞன் ஒருவன் தன் உள்ளாடையில் மறைத்திருந்த வெடிபொருளைத் தூண்ட முயன்றான். அஃது உலோகம் அன்று. வாயிற்சட்டத்தால் அதனைக் கண்டறிய இயலாது. ஆதலின் உடல் முழுவதையும் நோக்கும் ஸ்கேனர் பொறிகள் விமான நிலையங்களில் விரைந்து நிறுவப்பட்டன. அவை இருவகைப்பட்டன. ஒருவகை, மிகக் குறைந்த அளவில் எக்ஸ் கதிர்களை உடலின்மேற் செலுத்தி, தோலிலிருந்து திரும்பிச் சிதறுவனவற்றைக் கொண்டு படம் அமைத்தது. மற்றொரு வகை, மில்லிமீட்டர் அலைகள் எனப்படும் நுண்ணிய வானொலி அலைகளைப் பயன்படுத்தியது. எக்ஸ் கதிரைப்போல் உடலின் அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் அவ்வலைகளுக்கு இல்லை. இருவகை அலைகளும் துணியை ஊடுருவின. விளைந்த படத்தில் உடை மறைந்து, உடல் தோன்றியது. வேறோர் அறையில் அமர்ந்திருந்த அலுவலர் அப்படத்தைப் பார்த்து முடிவு கூறினர். பொறியில் நுழைய மறுத்தவர்க்குக் கையால் தடவிச் சோதிக்கும் முறை வைக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அம்முறையும் கடுமையாக்கப்பட்டு, உடலின் மறைவான பகுதிகளுக்கும் நீட்டப்பட்டது.

பயணிகளின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. உயிரோடு ஊர்போய்ச் சேர்வதே முதன்மை, முகம் அறியாத அலுவலர் ஒருவர் நொடிப்பொழுது படத்தைப் பார்ப்பதால் இழப்பு ஒன்றுமில்லை என்றனர் ஒரு சாரார். உடையின் பயனே உடலை மறைத்தல். அம்மறைப்பை நீக்குமாறு அரசு கட்டளையிடுதல் தகாது என்றனர் மற்றொரு சாரார். இவர்களுள் சமய நெறியால் நாணத்தைப் போற்றுவோரும், குழந்தைகளுடன் வந்த பெற்றோரும், முன்னர் வன்கொடுமைக்கு ஆளாகிப் பிறர் தீண்டலை அஞ்சுவோரும் இருந்தனர். எக்ஸ் கதிரைப் பற்றிய அச்சமும் உடன் சேர்ந்தது. சில நிமிடம் விமானத்திற் பறக்கும்போது வானிலிருந்து பெறும் கதிரளவுதான் பொறியிலும் கிடைக்கும் என்றது அரசு. ஆயினும் விமானிகளின் சங்கங்கள் சில, அப்பொறியைத் தவிர்க்குமாறு தம் உறுப்பினர்க்கு அறிவுரை கூறின. சின்னாளில் சீருடை அணிந்த விமானிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதே பொறியினுள் குழந்தையைக் கூட்டிச் சென்ற தாய்க்கு அவ்விலக்கு என்ன ஆறுதல் அளித்திருக்கும்?

2010 நவம்பரில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளைக் காண்போம். ஒன்றில் நூற்றுக்கு 81 பேர் பொறிகளை ஆதரித்தனர். மற்றொன்றில் 64 பேர் ஆதரித்தனர். ஆனால் கையால் தடவும் கடுமையான முறை வரம்பு மீறியது என்று பாதிப் பேர் கூறினர். அம்மாதம் 24-ஆம் நாள் பயணிகள் பொறியைப் புறக்கணிக்க வேண்டும் என்று எதிர்ப்பாளர் அறைகூவல் விடுத்தனர். மறுத்தவர் மிகச் சிலரே. மக்கள் மனமுவந்து ஏற்றதற்கு இதுவே சான்று என்றனர் சிலர். அது முழுவதும் பொருந்துவதன்று. விழாவுக்கு முந்திய நாளில், விமானம் தவறிவிடுமோ என்று ஏங்கி நிற்பவர் உரிமைக்காக வழக்காடத் துணிவது அரிது. மேலும், நூற்றுக்கு எண்பது பேர் உடன்படுவதால் எஞ்சிய இருபதின்மரின் நாணம் நாணமாகாமல் போய்விடாது. சோதனையின் சுமை எல்லார்மீதும் ஒத்து விழுவதில்லை. மார்பக அறுவைக்குப்பின் செயற்கை உறுப்பு அணிந்த பெண்மணியும், செயற்கைக் கால் பொருத்திய முதியவரும், தலைப்பாகை அணிந்த சீக்கியரும், அடர்ந்த பின்னலுடைய கறுப்பினப் பெண்ணும் மீண்டும் மீண்டும் தனியே நிறுத்தப்படுகின்றனர். கணிப்பில் ஒருவர்க்கு ஒரு வாக்கு. சோதனை வாயிலில் அவ்வாறன்று.

படங்கள் சேமிக்கப்படா என்று அரசு உறுதி கூறிற்று. ஆனால் அதே 2010-ஆம் ஆண்டு, ஆர்லாண்டோ நகரின் நீதிமன்ற வாயிலில் வைத்திருந்த இத்தகைய பொறியொன்றில் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் சேமிக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அது விமான நிலையத்துப் பொறியன்று. எனினும் சேமிக்கக் கூடியது என்றேனும் சேமிக்கப்படும் என்னும் ஐயத்தை அது வலுப்படுத்தியது. அந்தரங்க உரிமைக்காக உழைக்கும் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2011 ஜூலையில் தலைநகர மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. பொறிகள் அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்றது அது. ஆனால் இத்துணைப் பேரை இவ்வளவு நேராகப் பாதிக்கும் ஏற்பாட்டை மக்கள் கருத்தைக் கேளாமலே புகுத்தியது தவறு என்றும் உரைத்தது. அதன்படி 2013-இல் கருத்துகள் கேட்கப்பட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். 2016-இல் இறுதி விதி வெளிவந்தது.

அதற்குள் பொறியே மாறிவிட்டது. படத்தை மனிதர் காணாமல் கணிப்பொறியே ஆராயும் ஏற்பாட்டை ஒவ்வொரு ஸ்கேனரிலும் அமைக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டளையிட்டது. மில்லிமீட்டர் அலைப் பொறிகள் அவ்வாறு திருத்தப்பட்டன. எக்ஸ் கதிர்ப் பொறிகளை உரிய காலத்தில் திருத்த இயலவில்லை. 2013 மே மாதத்துக்குள் அவை யாவும் விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமோ எக்ஸ் கதிர் வகையை 2011-இலேயே விலக்கிவிட்டது. இன்று திரையில் தோன்றுவது பயணியின் உடலன்று. குழந்தை வரைந்தாற்போன்ற பொதுவான மனித வடிவக் கோடு. செல்வர்க்கும் எளியவர்க்கும், இளையவர்க்கும் முதியவர்க்கும் அவ்வடிவம் ஒன்றே. ஐயத்துக்கு உரிய இடத்தில் சிறிய கட்டம் ஒன்று தோன்றும்; அவ்விடத்தை மட்டும் அலுவலர் தொட்டுப் பார்ப்பர். திரை பொறியின் அருகிலேயே இருப்பதால், அலுவலர் காண்பதைப் பயணியும் காணலாம். பாதுகாப்புக் குறையாமலே நாணத்தைக் காக்க இயலும் என்பதை முறையிட்டவர்களே மெய்ப்பித்தனர். அவர்கள் வாளா இருந்திருப்பின் பழைய படங்களே தொடர்ந்திருக்கக் கூடும்.

பூசல் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. பயணி ஆணா பெண்ணா என்று தோற்றத்தைக் கொண்டு அலுவலர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தமையால், திருநங்கையரும் திருநம்பியரும் அல்லற்பட்டனர். அவ்வேறுபாடு வேண்டாத புதிய ஏற்பாடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. சோதனையின் பயனைப் பற்றிய ஐயமும் உண்டு. மாறுவேடத்தில் சென்ற அரசு ஆய்வாளர்கள் எழுபது முறை முயன்று, அறுபத்தேழு முறை தடைசெய்யப்பட்ட பொருள்களை உள்ளே கொண்டுசென்றனர் என்னும் செய்தி 2015-இல் வெளியாயிற்று. இவ்வளவு இழந்தும் பெற்றது இதுதானா என்று எதிர்ப்பாளர் வினவினர். பிடிபட்ட பொருள்களைக் கொண்டு மட்டும் பயனை அளக்கலாகாது, அச்சத்தால் கைவிடப்பட்ட சதிகளை எண்ணிக் காட்டுதல் அரிது என்று ஆதரவாளர் விடை கூறினர்.

இதற்கிடையே சோதனை உடலிலிருந்து விவரங்களுக்கு மெல்ல நகர்ந்துவிட்டது. கட்டணம் செலுத்தி, கைரேகை பதித்து, தம் கடந்தகால விவரங்களை ஆராய இசைபவர்க்கு எளிய சோதனை உடைய தனி வரிசை உண்டு. உடலின் அந்தரங்கத்தைக் காக்க விரும்புவோர் வாழ்வின் அந்தரங்கத்தை விலையாகத் தருகின்றனர். தடவும் கை ஒரு கணத்தில் விலகிவிடும், ஏட்டில் ஏறிய ரேகையோ விலகாது என்பது சிலர் கருத்து. மறைப்பதற்கு யாதொன்றும் இல்லாதவர்க்கு அதனால் என்ன கேடு என்பது வேறு சிலர் கருத்து. அடையாளச் சீட்டைச் சரிபார்க்கும் மேசைகளிலும் முகத்தைப் படம்பிடித்துச் சீட்டிலுள்ள படத்துடன் ஒப்பிடும் கருவிகள் பல நிலையங்களில் வந்துள்ளன. பொதுவாக அப்படம் ஒப்பிட்ட பின்னர் அழிக்கப்படும் என்று நிருவாகம் கூறுகின்றது. விரும்பாதவர் மறுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையும் அருகில் வைக்கப்படுகின்றது. வரிசை நகரும் விரைவில் அதனை நின்று படிப்பவர் சிலரே.