‘நெல்லு வயலா உலகத்தைச் சூடாக்குது?’ - சந்தேகப்பட்டவர்கள் அளந்து பார்த்த கதை!

“நாளைக்கு மழை வருமா வராதானே உருப்படியா சொல்ல மாட்டேங்கிறாங்க. இவங்க 50 வருஷம் கழிச்சு வெயில் எப்படி அடிக்கும்னு சொல்றாங்களாம்!”

பருவநிலை மாற்றம் என்று யாராவது பேச்செடுத்தால், டீக்கடை பெஞ்சில் முதலில் வந்து விழும் வார்த்தை இதுதான். வானிலை அறிக்கையை நம்பி மேலுரம் போட்டு, அன்று ராத்திரியே பெய்த மழையில் யூரியாவைக் கரைய விட்டவருக்கு இப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. அடுத்ததாக வருவது இன்னும் சூடான கேள்வி. “கார், பஸ்ஸு, ஏரோப்பிளேன்ல போறவனையெல்லாம் விட்டுட்டு, நெல்லு வயலும் மாடும்தான் பூமியைச் சூடாக்குதுன்னு சொன்னா, யாரு நம்புறது?”

இந்தக் கேள்வியை நம் ஊர் விவசாயிகள் மட்டும் கேட்கவில்லை. 30 வருஷங்களுக்கு முன்பு டெல்லியில் இருந்த விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், வயலில் இறங்கி அளந்தும் பார்த்தார்கள்.

3 கோடியே 78 லட்சம் டன்!

நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றோட்டம் நின்றுவிடும். காற்றே இல்லாத இடத்தில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள், மண்ணில் இருக்கும் தாள், வேர், தழை ஆகியவற்றைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வருமே, அதில் இந்த வாயுவும் இருக்கிறது. ஆனால், குமிழாக வெளியேறுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. வேருக்குக் காற்றைக் கொண்டு போவதற்காகப் பயிரின் உள்ளே வெற்றுக்குழாய் போன்ற பாதை இருக்கிறது. அதே பாதையில் மீத்தேன் மேலே ஏறி காற்றில் கலந்துவிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் கிட்டத்தட்ட 27 டன் கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை வந்தது அளவில்தான். இந்திய நெல் வயல்களிலிருந்து வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வெளியேறுகிறது என்று 1990-ம் ஆண்டில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்கைச் சொன்னது. அதே சமயத்தில், வாஷிங்டனில் இருக்கும் உலக வள நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், பூமியைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் ஒன்றாக இந்தியா இடம்பிடித்தது. அப்போது நம் நாட்டில் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? பட்டியலில் இந்தியாவை அவ்வளவு மேலே ஏற்றியதில் நெல் வயலுக்கும் மாட்டுக்கும் பெரிய பங்கு இருந்தது.

டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் இதற்குப் பதிலாக ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். சோற்றுக்காக நெல் விளைவிப்பவன் விடும் வாயுவையும், சொகுசுக்காக மூன்று கார் ஓட்டுபவன் விடும் வாயுவையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம் என்பது அவர்களின் கேள்வி. உலக அரங்கில் இந்த வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆனால், நியாயத்தைக் கேட்பது ஒன்று, எண்ணையே கேள்வி கேட்பது இன்னொன்று. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் ஏ.பி.மித்ரா.

தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மித்ராவும் அவருடைய குழுவினரும், ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்று தேடிப் போனார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எப்போதும் தண்ணீர் நிறைந்து கிடக்கும் வயல்களில் அளந்ததை எடுத்து, இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கி வைத்திருந்தார்கள். மானாவாரி நெல், மேட்டு நில நெல், முறைப்பாசனத்தில் தண்ணீர் வராமல் வாய்க்கால் வறண்டு, வயல் வெடித்துக் கிடந்து, மறுபடியும் நனையும் நெல்... இதெல்லாம் அந்தக் கணக்கில் எங்கே இருக்கும்? வயல் ஒருமுறை காய்ந்தாலே மண்ணுக்குள் காற்று புகுந்து மீத்தேன் உற்பத்தி படுத்துவிடும். தண்ணீர் கிடைக்காமல் நம் விவசாயி பட்ட பாடு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

1991-ல் நாட்டின் முக்கியமான நெல் பகுதிகளில் ஒரே நேரத்தில் அளவெடுப்பு நடந்தது. முறை எளிமையானதுதான். சில குத்துப் பயிர்களை மூடும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். குறிப்பிட்ட நிமிஷ இடைவெளியில் உள்ளே இருக்கும் காற்றை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். அதில் மீத்தேன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். நட்டதிலிருந்து அறுக்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கிடைத்த விடை வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் டன். அமெரிக்க முகமை சொன்னதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு!

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா-வின் பன்னாட்டு அறிவியல் குழு, உலக நெல் வயல்கள் எல்லாம் சேர்ந்து 11 கோடி டன் மீத்தேன் விடுவதாக 1990-ல் எழுதியிருந்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் புதிய அளவீடுகள் வரவும், 1992-லேயே அதை 6 கோடி டன் என்று குறைத்துக்கொண்டது. இப்போது புழங்கும் கணக்கு சுமார் 3 கோடி டன்தான்.

‘அப்ப எல்லாமே புளுகுதானே?’

இந்தக் கதையைக் கேட்டவுடன் பலரும் தாவுவது இந்த இடத்துக்குத்தான். கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடமும் இதுதான்.

இதேபோல இன்னொரு தவறும் நடந்தது. இமயமலைப் பனிப்பாறைகள் 2035-ம் ஆண்டுக்குள் காணாமல் போய்விடும் என்று அதே ஐ.நா குழுவின் 2007-ம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றுவிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வி.கே.ரெய்னா, ‘களத்தில் பார்த்தது அப்படியில்லை’ என்று 2009-ல் அறிக்கை தந்தார். முதலில் அவரை ஏளனம் செய்தார்கள். 2010 ஜனவரியில், அந்த வரி தவறு என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 1970-களில் அமெரிக்க உளவு செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் பின்னாளில் ரகசியம் நீக்கி வெளியிடப்பட்டன. அவற்றைப் புதிய படங்களோடு ஒப்பிட்டு, இமயமலையின் 650 பனிப்பாறைகளை ஆராய்ந்த முடிவு 2019-ல் வந்தது. 2000-க்கு முந்தைய 25 வருஷங்களில் உருகிய வேகத்தைவிட, அதற்குப் பிறகு உருகும் வேகம் இரு மடங்கு. 2035 என்பது பொய். உருகுவது மெய்.

வெப்பமானியின் மேலேயே சந்தேகப்பட்டவரும் உண்டு. ‘ஊரெல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது, அதன் நடுவில் வெப்பமானியை வைத்தால் சூடு கூடத்தானே செய்யும்’ என்பது நியாயமான கேள்வி. கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர் அதை நம்பாமல், தனிக்குழு அமைத்து, உலகம் முழுக்க 36,000-க்கும் அதிகமான வெப்பநிலைப் பதிவு மையங்களின் கணக்குகளைத் தோண்டினார். அவருக்குப் பணம் கொடுத்தவர்களில், பெட்ரோலியத் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. என்ன விடை வர வேண்டும் என்று கொடுத்தவர் நினைத்திருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2012-ல் முல்லர் சொன்ன முடிவு: நகரத்துச் சூட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 250 வருஷங்களில் நிலப்பரப்பு சுமார் ஒன்றரை டிகிரி சூடாகியிருக்கிறது; அதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே.

சந்தேகப்பட்டு அளந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி விடை கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மித்ராவுக்கு எண் இறங்கியது. முல்லருக்கு எண் அசையவே இல்லை.

ஒரு நெல்லும் ஒரு மூட்டை நெல்லும்

இனி டீக்கடைக் கேள்விக்கு வருவோம். நாளைய மழையைச் சொல்ல முடியாதவர்கள் 50 வருஷத்தை எப்படிச் சொல்வார்கள்?

கையில் ஒரு விதை நெல்லை எடுத்து, ‘இது முளைக்குமா?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால், சான்று பெற்ற விதை மூட்டையில் குறைந்தது 80 சதவிகிதம் முளைக்கும் என்று அட்டையில் எழுதி ஒட்டுகிறார்கள். அதை நம்பித்தான் நாற்றங்கால் விடுகிறோம். நாளைய மழை ஒரு நெல்லைப் போன்றது. பருவநிலை என்பது மூட்டை. மூட்டைக்குள் பதர் கூடிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

“தாது வருஷப் பஞ்சத்தப்ப காரா ஓடுச்சு, கரன்ட்டா இருந்துச்சு?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். 1876-78 பஞ்சத்துக்கு எல் நினோ எனும் பசிபிக் கடல் வெப்ப மாற்றம் முக்கியக் காரணம். கொள்ளைபோல தானியத்தை ஏற்றுமதி செய்த ஆங்கிலேய அரசு அதை உயிர்க்கொல்லியாக்கியது. மழை பொய்ப்பது என்றுமே இருந்ததுதான். வறட்சி, வெள்ளம் எல்லாவற்றையும் புவி வெப்பத்தின் தலையில் கட்ட முடியாது என்பதை விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த சர்வதேசக் குழு, அந்த மழையில் புவி வெப்பத்தின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் எழுதியது. மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆனால், ராத்திரிச் சூடு வேறு கதை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், தன் பண்ணையிலேயே 1979 முதல் 2003 வரை பதிவான வெப்பநிலையையும், அங்கே எடுத்த நெல் மகசூலையும் ஒப்பிட்டது. ராத்திரி வெப்பம் அந்தக் காலத்தில் ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. கோடைப் பருவத்தில் ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் 10 சதவிகிதம் இறங்கியது. பகலில் பயிர் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரியில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ‘பயிர் நல்லாத்தான் இருந்துச்சு, தூத்துறப்ப பதரா போகுது’ என்று சொல்லும் விவசாயி, பூச்சி, நோய், சத்துக் குறைவோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்... லாபம் யாருக்கு?

மீத்தேனைக் குறைக்கும் வழி நமக்குப் புதிதல்ல. திருந்திய நெல் சாகுபடியில் சொல்லிக் கொடுத்த ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’தான். ஓர் அடி நீளத்துக்கு பி.வி.சி குழாய் எடுத்து, கீழ்ப் பாதியில் துளையிட்டு, துளையுள்ள பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போன பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். மகசூல் குறையாது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வயல் காய்ந்து நனையும்போது தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வேறொரு வாயு கூடும். யூரியாவை அள்ளிப் போடுகிற வயலில் இது அதிகம். இயற்கை விவசாயிகளுக்கும் ஒரு தகவல்: பசுந்தாளை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் கூடத்தான் செய்யும். மட்கிய உரத்தில் அந்த அளவுக்கு வராது.

இப்போது, ‘மீத்தேனைக் குறைத்தால் கார்பன் கிரெடிட் பணம்’ என்று நிறுவனங்கள் கிராமங்களுக்கு வருகின்றன. இலவச மின்சாரம் இருப்பதால், தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் தமிழக விவசாயியின் பையில் காசு மிஞ்சுவதில்லை. அதனால் இந்தப் பணப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆனால், இந்த கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெரா அமைப்பு, நெல் வயலுக்கான பழைய கணக்கீட்டு முறையை 2023-ல் நிறுத்தியது. சீனாவில் பதிவான 37 நெல் திட்டங்களை 2024-ல் நிராகரித்தது. கணக்கு வயலில் எடுத்ததா, காகிதத்தில் எழுதியதா என்ற 1990-ன் கேள்வி இங்கேயும் நிற்கிறது.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. எத்தனை வருஷ ஒப்பந்தம்? குத்தகை நிலமென்றால் பணம் யாருக்கு? விற்ற தொகையில் விவசாயிக்கு எத்தனை பங்கு? அளவெடுப்பு நம் வயலிலா, நடுப்பகுதியில் ஒரு வயலில் எடுத்து எல்லாருக்கும் பெருக்குவார்களா? முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில், காயப் போட்ட பிறகு அடுத்த முறைத் தண்ணீர் வராமல் பயிர் கருகினால் யார் பொறுப்பு? குறுவையில் சரி... ஐப்பசியில் விடாமல் பெய்யும் மழையில் சம்பா வயல் காயவே இல்லையென்றால், அந்தப் பருவத்துக்கு என்ன கணக்கு?