எந்த வாசலில் நின்று?

ஆங்கில இலக்கியம் பயில்வது அடிமைத்தனமா? அல்ல! அறிவுக்கு அணைபோடச் சொல்பவரல்ல நாம். பட்டத்தோடு சேர்த்துப் பார்வையையும் இரவல் வாங்கித் திரும்புவதா என்பதே நமது கேள்வி. அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழக மன்றத்திலேயே எழுப்பியவர், கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ.

உழவர் வீட்டுப் பிள்ளை. அவர் படித்த பள்ளியில் தாய்மொழியாம் கிகூயுவில் பேசினால் பிரம்படி. இல்லையேல், 'கழுதை' என்று இழிக்கும் தகட்டைக் கழுத்தில் சுமக்க வேண்டும். பெற்றவள் தந்த மொழிக்குப் பள்ளி தந்த பரிசு அது! உகாண்டாவின் மகரேரேயில் ஆங்கில இலக்கியம் கற்றார். 1964-இல் மேற்படிப்புக்கென இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் சென்றார்.

ஆய்வுக்கு எடுத்தது ஷேக்ஸ்பியரையா? மில்டனையா? இல்லை, கரீபியத் தீவுகளின் எழுத்தை! அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டோரின் வழிவந்தவர்கள் படைத்த இலக்கியத்தை! ஆய்வேடு முடியவில்லை, பட்டம் கிட்டவில்லை. ஆனால் அங்கிருந்தபோது எழுதிய 'ஒரு கோதுமை மணி' நாவல் 1967-இல் வெளிவந்தது. பட்டம் போயிற்று, பார்வை வந்தது!

நாடு திரும்பி நைரோபியில் ஆசிரியரானார். 1963-இலேயே கொடி மாறியிருந்தது, பாடத்திட்டம் மாறவில்லை. 1968 அக்டோபரில் அவரும், ஹென்றி ஒவோர் அன்யும்பாவும், தாபன் லோ லியோங்கும் கூடி ஓர் அறிக்கை தந்தனர்: ஆங்கிலத் துறையை அகற்றுக!

ஷேக்ஸ்பியரைக் கொளுத்தச் சொன்னார்களா? இல்லவே இல்லை. ஆப்பிரிக்க இலக்கியம் நடுவீட்டில் அமரட்டும். பாட்டி சொன்ன கதையும் மக்கள் பாடிய பாட்டும் பாடமாகட்டும். பிற நாட்டு இலக்கியங்களை அங்கிருந்து பார்ப்போம் என்றனர். விருந்தாளியை விரட்டவில்லை, விருந்தாளியே வீட்டுக்காரராக வீற்றிருப்பது ஏனென்று கேட்டனர். பெரும் வாதம் மூண்டது. முடிவில் ஆங்கிலத் துறை, இலக்கியத் துறையாயிற்று.

அதோடு நின்றாரா? 1977-இல் உழவரும் தொழிலாளரும் நடிக்க, கிகூயு மொழியில் நாடகம் கண்டார். தடை விதித்தது அரசு. அவ்வாண்டின் கடைசி நாளில் கைது. ஏறத்தாழ ஓராண்டுச் சிறை, விசாரணையே இன்றி! சிறையிலடைத்தது வெள்ளையன் அல்ல, விடுதலை பெற்ற நாட்டின் சொந்த அரசு! அங்கே கழிவறைத் தாளில், தாய்மொழியில், நாவல் தீட்டினார். 2025-இல் மறையும்வரை அந்த மொழிப்பற்று குன்றவில்லை.

ஆங்கில இலக்கிய மேற்படிப்புக்கு இன்று விண்ணப்பமிடும் இளைஞர்களே! ஷேக்ஸ்பியரைப் படியுங்கள், ஆழ்ந்தே படியுங்கள். எந்த வாசலில் நின்று படிக்கிறோம் என்பதை மட்டும் மறவாதீர்கள்!