மட்டை புதிது, ஆட்டம்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிக்கிள்பால் ஆடுகிறவர்கள் கூடத்தைக் குறை சொல்வதில்லை. மட்டையைத்தான் குறை சொல்கிறார்கள். தோற்ற மறுநாளே புது மட்டை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். மட்டை விலையோ ஆயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டுகிறது. பணத்தைக் கொடுத்தால் ஆட்டமும் கூடவே வருமா?

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 1965-ல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது இது. ஜோயல் பிரிச்சர்டும் பில் பெல்லும் வீட்டாரின் பொழுதுபோக்குக்காக ஆரம்பித்தார்கள். நண்பர் பார்னி மெக்காலம் ஒட்டுப்பலகையில் மட்டை அறுத்துக் கொடுத்தார். 1984-ல் ஆர்லன் பராண்டோ என்ற விமான எஞ்சினீயர், விமானத்துக்கான தேன்கூட்டுப் பலகையைக் கொண்டு மட்டை செய்தார். இன்றைய மட்டைகள் அதன் வாரிசுகளே. உள்ளே பிளாஸ்டிக் தேன்கூடு. வெளியே கார்பன் இழைத் தகடு.

நம் நாட்டுக்கு இது அந்நியமான ஆட்டமும் அல்ல. 1856-லேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடிய பூப்பந்து நம்முடையதுதானே! ஆனால் ஒரு வித்தியாசம். பூப்பந்து ராக்கெட்டில் நரம்பு உண்டு; இதில் கிடையாது. ஓங்கி அடித்துப் பழகிய கை இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும்.

முதுமக்கள் தாழிகளுக்குப் பேர்போன ஆதிச்சநல்லூர்ப் பக்கம், சிமெண்டுக் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும், மைதானம் தயார். நீளம் 44 அடி, அகலம் 20 அடி. வலையின் நடு உயரம் 34 அங்குலம். அங்கேதான் புது மட்டையை நான்கு மாலைகள் ஆடிப் பார்த்தேன்.

முதல் நாள் வேகம் மயக்கியது. பழைய மரமட்டையைவிட இது லேசு. பந்து விர்ரென்று பறந்தது. ஆனால் வேகம் ஒரு பரீட்சையே அல்ல. வலையின் இரு பக்கமும் 7 அடி இடத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'கிச்சன்', அதாவது அடுக்களை! அங்கே நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. எதிராளியின் அடுக்களைக்குள் பந்தை மெல்ல இறக்கிவைக்க வேண்டும். அந்த மெல்லிய தட்டில்தான் மட்டையின் குணம் தெரியும். தடித்த மட்டை பந்தை அடக்கிக் கொடுக்கிறது, மெல்லியது துள்ளவிடுகிறது.

இரண்டாவது பரீட்சை காற்று. ஆடியில் அம்மியே பறக்கும் என்றால், துளை போட்ட பிளாஸ்டிக் பந்து எம்மாத்திரம்! அங்கே எந்த மட்டையும் உதவாது. காற்றைப் படித்த கண்தான் உதவும்.

மூன்றாவது, முழங்கை. நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கனத்த மட்டையும், கைக்குப் பொருந்தாத பிடியும் முழங்கை வலியை வரவழைக்கும். பிடியைப் பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறுகையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறிது. தாராளமாக இடமிருந்தால் பெரிது.

நான்காம் நாள் தெரிந்த கணக்கு இதுதான்: மெல்லத் தட்டுவதில் கை கொஞ்சம் தேறியது, கால் மட்டும் பழைய கால்தான். பந்திருக்கும் இடத்துக்கு மட்டை நம்மைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

ஆகவே, வாங்குமுன் நண்பரின் மட்டையை மூன்று மாலைகள் இரவல் கேளுங்கள். கைக்கு இதமாக இருந்தால் வாங்குங்கள். இல்லையேல் அந்தப் பணத்தில் ஒரு டஜன் பந்து வாங்கி, தினம் அரை மணி நேரம் வலையருகே தட்டிப் பழகுங்கள். அதற்குப் பிறகு பழைய மட்டையே புதிதாகிவிடும்!