வகுப்பறைக் கணிப்பீடு: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை
(தரம் 6 முதல் தரம் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு)



தவணை முடிந்து பிள்ளை றிப்போட்டைக் கொண்டு வந்ததும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாம் பிள்ளை?" என்பதுதான். அஞ்சாம் பிள்ளை என்றால் சந்தோசம். முப்பதாம் பிள்ளை என்றால் ஏச்சு, சில வீட்டில் அடியும் உண்டு. அதோடு றிப்போட் றங்குப் பெட்டிக்குள் போய்விடும். பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் என்ன விளங்கவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று யாரும் கேட்பதில்லை.

இதைப் பெற்றோரின் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நாம் படித்த காலத்தில் பரீட்சை ஒன்றுதான் அளவுகோல். இப்போது பாடசாலையில் இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. அதற்குப் பெயர் பாடசாலை மட்டக் கணிப்பீடு. வகுப்பறைக்குள்ளேயே நடப்பதால் வகுப்பறைக் கணிப்பீடு என்றும் சொல்வார்கள். 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்கள் இதற்கு முக்கிய இடம் கொடுத்தன. 2007ஆம் ஆண்டு தரம் 6இலும் தரம் 10இலும் தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் தொடங்கியபோது இதன் தேவை இன்னும் கூடியது. ஆனாலும் பல வீடுகளுக்கு இது என்னவென்று சரியாகப் போய்ச் சேரவில்லை.

நம் தோட்டங்களில் இருந்து 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பக்கம் கொண்டு கொடுத்த உறவும் உண்டு. அதனால் இந்தக் கட்டுரையில் மட்டக்களப்பு மாவட்டக் கிரானையும் நம் தோட்டத்தையும் சேர்த்தே பேசுகிறோம். கிரானில் படித்தாலும் ஹட்டனில் படித்தாலும் பிள்ளைக்குப் பாடத்திட்டம் ஒன்றுதான். கணிப்பீட்டு முறையும் ஒன்றுதான்.

கணிப்பீடு வேறு, பரீட்சை வேறு

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதை விளக்குவது லேசு. மாலையில் கொழுந்தைத் தராசில் போட்டு நிறுக்கிறார்கள். இத்தனை கிலோ என்று கணக்கு விழுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அது தவணைப் பரீட்சை மாதிரி. ஆனால் மலையில் நிற்கும்போதே கங்காணி வந்து கூடையைப் பார்க்கிறார். "முத்தல் இலை விழுது, பார்த்து எடுங்க" என்கிறார். உடனே கையைத் திருத்திக்கொள்ளலாம். அது வகுப்பறைக் கணிப்பீடு மாதிரி.

கிரானில் வயல் செய்கிறவர்களும் இதை அறிவார்கள். சூடு அடித்த பிறகு மூடையை எண்ணுவது ஒரு வேலை. பயிர் நிற்கும்போதே வரம்பில் நடந்து, தண்ணீர் போதுமா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. மூடை எண்ணும் நேரத்தில் பூச்சிக்கு மருந்தடித்துப் பயனில்லை.

பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு என்ன விளங்கியது, எங்கே தடுக்கிறது என்று ஆசிரியர் பார்த்து, அங்கேயே கைகொடுப்பதுதான் கணிப்பீட்டின் நோக்கம்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

ஒரு பாடப்பகுதி படிப்பிக்கும்போது ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சில வேலைகள் கொடுப்பார். ஒப்படை, குழு வேலை, சிறு எழுத்துப் பரீட்சை, செய்முறை, விவாதம், பேச்சு, நடிப்பு, கண்காட்சி, தகவல் திரட்டுதல் என்று பல வகை உண்டு. எந்தப் பாடத்துக்கு எது பொருந்துமோ அதைத் தெரிவார்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கணித பாடத்தில் தகவல் திரட்டி வரைபாகக் காட்டும் பகுதி இருக்கிறது. "ஏழு நாளைக்கு உங்கள் வீட்டுக்கு எத்தனை வாளி தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று எழுதி வாருங்கள்" என்று ஆசிரியர் சொல்கிறார். தோட்டத்துப் பிள்ளை பீலியில் பிடிக்கும் வாளியை எண்ணும். கிரான் பிள்ளை கிணற்றில் அள்ளும் வாளியை எண்ணும். பிறகு வகுப்பில் அதைக் கட்டத்தாளில் வரைபாகக் கீறி, எந்த நாளில் கூடுதல், ஏன் கூடுதல் என்று சொல்ல வேண்டும்.

இதில் ஆசிரியர் எதைப் பார்க்கிறார்? ஏழு நாளும் ஒழுங்காகக் குறித்ததா, வரைபைச் சரியாகக் கீறியதா, அதைப் பார்த்து விளக்கம் சொல்லத் தெரிகிறதா, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்ததா என்று தனித்தனியாகப் பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் மிக நன்று, நன்று, சாதாரணம், விருத்தியடைய வேண்டும் என்று தரம் போடலாம்.

ஒரு பிள்ளை ஏழு நாளும் எழுதியிருக்கிறது, நன்றாகப் பேசவும் செய்கிறது, ஆனால் வரைபு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் என்றால் அந்தக் கேள்விக்குப் புள்ளி குறையும், அவ்வளவுதான். கணிப்பீட்டில் ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது: இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடுகிறது, அளவிடைதான் விளங்கவில்லை. அதை மட்டும் திருப்பிச் சொல்லிக் கொடுத்து இன்னொரு தரம் செய்ய விடலாம். "விருத்தியடைய வேண்டும்" என்று போட்டிருந்தால் பிள்ளை மக்கு என்று அர்த்தமில்லை. இந்த இடத்தில் உதவி வேண்டும் என்று அர்த்தம்.

ஏன் இந்த நான்கு வகுப்பும் முக்கியம்?

தரம் 6இல் பாடங்கள் கூடுகின்றன. ஒரே ஆசிரியர் எல்லாம் படிப்பித்த காலம் போய், பாடத்துக்கு ஒருவர் வருகிறார். நம் பிள்ளைகள் பலர் சின்னத் தோட்டப் பாடசாலையில் அஞ்சாம் வகுப்பை முடித்துவிட்டு, தூரத்தில் உள்ள பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். அங்கே விளங்காததைக் கேட்கக் கூச்சம். ஆறாம் வகுப்பில் பின்னம் விளங்காத பிள்ளைக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு பாரம், எட்டாம் வகுப்பில் அது மலையாகிறது. ஒன்பதாம் வகுப்பில் "எனக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளையே சொல்லிவிடும். பிறகு கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போகிற பேச்சு வந்துவிடுகிறது.

16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு முதல் சட்டம். அதற்கு முன்னர் அது 14 வயதாக இருந்தது. ஆனால் சட்டம் பிள்ளையை வாங்கில் உட்கார வைக்குமே தவிர, பாடத்தை விளங்க வைக்காது. தடுக்கும் இடத்தை ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தால் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை நின்றுபோகாது. கணிப்பீடு அதற்குத்தான்.

ஒரு நாள் நின்றால் என்ன?

"பரீட்சைக்குத்தான் போகுதே, நடுவில ரெண்டு நாள் நின்றா என்ன?" என்று நாம் நினைக்கிறோம். தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்லை, தாய்க்குச் சுகமில்லை, திருவிழா, கலியாணம் என்று பிள்ளையை மறிக்கிறோம். ஆனால் கணிப்பீடு வகுப்பு நடக்கும் நாட்களில்தான் நடக்கிறது. குழு வேலை நடந்த அன்று பிள்ளை இல்லை என்றால், அது என்ன செய்யும், எங்கே தடுக்கும் என்று ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பிள்ளையின் இடம் வெறுமையாகவே கிடக்கும்.

நம் கையில் இல்லாத நாட்களும் உண்டு. கிரான் பக்கம் வடகீழ்ப் பருவமழை வந்தால் புலிபாய்ந்தகல், பூலாக்காடு, முறுத்தானை போன்ற ஊர்களுக்குப் போகும் பாதையில் வெள்ளம் ஏறிவிடும். படகிலும் உழவு இயந்திரத்திலும்தான் ஆட்கள் போய்வருவார்கள். பெரும்பாலும் மூன்றாம் தவணைப் பரீட்சைக் காலமும் அதுதான். மலைநாட்டிலும் மண்சரிவு வந்தால் இதே கதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது பாடசாலைகள் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை.

இப்படி வருடக் கடைசியில் இடைஞ்சல் வந்தால், அதுவரை வகுப்பில் செய்த வேலைகள்தான் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதற்குச் சாட்சி. ஆகையால் வெள்ளம் இல்லாத நாளில், மழை இல்லாத நாளில், பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் நின்றால், மறுநாளே ஆசிரியரிடம் போய், "சேர், நேற்று நடந்த வேலையை நான் எப்போது செய்யலாம்?" என்று கேட்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இந்தப் புள்ளி சாதாரண தரத்துக்குச் சேருமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கிடைக்கும் சித்தி அந்தப் பரீட்சையை எழுதுவதில்தான் தங்கியிருக்கிறது. கணிப்பீட்டுப் புள்ளி அதோடு கூட்டப்படுவதில்லை. அப்படியானால் கணிப்பீடு வீண்தானே என்று நினைக்க வேண்டாம். சாதாரண தரத்தில் கேட்கப்படுவதற்கு அத்திவாரம் போடுவது இந்த நான்கு வகுப்பில்தான். 2025இல் அரசாங்கம் அறிவித்த புதிய சீர்திருத்தத்திலும் வகுப்பறைக் கணிப்பீட்டுக்குக் கூடுதல் இடம் பேசப்படுகிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு என்ன முறை என்று பாடசாலையில் கேட்டு அறியுங்கள்.

ஒப்படைக்குக் காசு நிறையச் செலவாகிறதே?

டிமை தாள், பிறிஸ்டல் போட், வர்ணப் படம் என்று ஓடத் தேவையில்லை. கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்துப் பிரின்ட் எடுத்து ஒட்டினால் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் பிள்ளை அதில் ஒன்றும் படித்திருக்காது. பிள்ளை தன் கையால் எழுதியதும் கீறியதும்தான் கணிப்பீட்டுக்கு வேண்டும். செலவு தாங்க முடியாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாங்களோ அண்ணனோ செய்து கொடுத்தால் என்ன?

கேட்டதற்கு விளக்கம் சொல்லலாம். செய்து கொடுக்கக் கூடாது. அண்ணன் கீறிய வரைபுக்கு "மிக நன்று" கிடைத்தால், தம்பிக்கு எது தெரியாது என்பது மூடப்பட்டுப்போகும்.

சேருக்குப் பிடித்த பிள்ளைக்குத்தானே நல்ல புள்ளி?

இந்தப் பயம் பெற்றோருக்கு உண்டு. கேட்பதும் நியாயம். எதற்கு எப்படித் தரம் போடப்படும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் உங்கள் பிள்ளையின் வேலையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஆசிரியருக்கும் கஷ்டம்தான். ஆட்குறை உள்ள பாடசாலைகளில் தவணைக் கடைசியில் புள்ளியை மட்டும் நிரப்பிவிட்டு இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. பெற்றோர் வந்து கேட்டால் அந்த ஆபத்து குறையும். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், மரியாதையாகக் கேளுங்கள்.

வேறு நாட்டில் இப்படி இருக்கிறதா?

இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நம் சொந்தக்காரர் பலர் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அங்கே 2012இல் முப்பருவ முறையைக் கொண்டு வந்தபோது, வகுப்பில் செய்யும் வேலைகளுக்கு 40 புள்ளியும் பருவ இறுதித் தேர்வுக்கு 60 புள்ளியும் வைத்தார்கள். ஒரு நாள் பரீட்சையை மட்டும் வைத்துப் பிள்ளையை அளக்கக் கூடாது என்ற எண்ணம் பல நாடுகளில் வந்திருக்கிறது.

எழுத வாசிக்கத் தெரியாத தாயும் செய்யலாம்

"எங்களுக்கே படிப்பு இல்லை, நாங்க என்னத்தைப் பார்க்கிறது?" என்று சொல்லும் அம்மாமார் உண்டு. உங்களால் முடியும். சோறாக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "இன்னைக்கு வகுப்பில என்ன செஞ்சீங்க? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள். தன் வாயால் தெளிவாகச் சொன்னால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. தடுமாறினால் அந்த இடத்தை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இதற்கு எழுத்து வேண்டாம், காது போதும்.

பாடசாலைக்குப் போய் ஆசிரியரைச் சந்திக்கும்போது இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள்:

1. என் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் என்ன நன்றாக வருகிறது?
2. எந்த இடத்தில் தடுக்கிறது?
3. வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பகலில் போனால் அரைப்பேர் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். அதனால் பெற்றோர் கூட்டத்தைப் பின்னேரமோ விடுமுறை நாளிலோ வைக்க முடியுமா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசுங்கள். பல பேர் சேர்ந்து கேட்டால் அதிபர் யோசிப்பார். ஒரு லயத்தில் இருந்து ஒருவர் போய், அயல் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்து வரலாம். அதுவும் முடியாவிட்டால், இந்த மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் கொப்பிக்குள் வைத்து அனுப்புங்கள்.

இந்த வாரமே தொடங்கலாம். பிள்ளையின் கணக்குக் கொப்பியையோ விஞ்ஞானக் கொப்பியையோ எடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். சிவப்புப் பேனையால் ஆசிரியர் ஏதாவது எழுதியிருந்தால் அதைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அதில் சொன்னதைப் பிள்ளை திருத்திச் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் ஏசாமல், அன்று இரவே செய்ய வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.