இயங்குதளம் இலவசம்; டிரைவர் யார் கையில்?

புதுதில்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசசரும் தேவை. இதனால், நன்றாக இயங்கிவரும் பல பழைய கணினிகள் அதற்குத் தகுதி பெறவில்லை.

இவற்றைக் கழித்துவிடாமல் தொடர்ந்து பயன்படுத்த, உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் கைகொடுக்கும். ஆனால், மாற விரும்பும் அலுவலகங்களுக்குத் தடையாக நிற்பது பல நேரங்களில் லினக்ஸ் அல்ல. மேஜை மீதுள்ள பிரிண்டரும், ஸ்கேனரும், மின்னணுக் கையொப்பத்துக்கான யு.எஸ்.பி. டோக்கனும்தான்.

மறைக்கப்படும் மூல நிரல்: கணினியின் உறுப்புகளையும் துணைக் கருவிகளையும் இயங்குதளத்துடன் இணைப்பது "டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள். அதன் மூல நிரல் வெளிப்படையாக இருந்தால், தயாரித்த நிறுவனம் கைவிட்டாலும் பிறர் திருத்திப் பயன்படுத்தலாம். நிறுவனம் அதை மறைத்து வைத்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம் அந்நிறுவனத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டும். பழைய மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டால், பழுதில்லாத கருவியும் முடங்கிப்போகும்.

கிராபிக்ஸ் அட்டைகளில் இது நெடுநாள் பிரச்னை. என்விடியா நிறுவனம் ஒத்துழைப்பதில்லை என்று, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் கடுமையாகச் சாடினார். பத்து ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதத்தில், கெர்னலுடன் இணையும் இயக்கிப் பகுதியின் மூல நிரலை அந்நிறுவனம் வெளியிட்டது. எனினும், 2018-ல் அறிமுகமான டூரிங் வரிசைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். பழைய கணினிகளுக்கு அதனால் பயனில்லை.

கொள்கையில் சமரசம்: கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக நின்ற டெபியன் அமைப்பும் இறங்கிவர நேர்ந்தது. மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் கோப்புகளை நிறுவல் தொகுப்பிலேயே சேர்க்க 2022-ல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்தனர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 அவ்வாறே வந்தது. அக்கோப்புகள் இன்றிப் பல லேப்டாப்களில் வை-ஃபை இயங்காது என்பதே காரணம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

டெண்டரில் தீர்வு: திறமூல மென்பொருளைப் பின்பற்றும் கொள்கையை மத்திய அரசு 2015-ல் அறிவித்தது. அதன்படி, மின்னாளுகைத் திட்டங்களுக்கான ஒப்பந்தப்புள்ளியில் திறமூல மென்பொருளையும் பரிசீலிக்குமாறு கோர வேண்டும். அதைத் தவிர்க்கும் நிறுவனங்கள் காரணம் கூற வேண்டும். இதே கேள்வியைக் கருவிகள் வாங்கும்போதும் கேட்டால் சிக்கலில் பாதி குறையும்.

இதற்குக் கேரளப் பள்ளிகள் நல்ல உதாரணம். அம்மாநில அரசின் "கைட்' நிறுவனம், 45 ஆயிரம் வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றும் திட்டத்தைக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நிறைவேற்றியது. மொத்தமாக வாங்குபவர் நிபந்தனை விதிக்க முடியும். ஏற்கெனவே வாங்கிய ஒற்றைப் பிரிண்டருக்கு டிரைவர் தேடும் அலுவலக உதவியாளரால் அது இயலாது.

"லினக்ஸில் இயங்க வேண்டும், டிரைவரின் மூல நிரல் கிடைக்க வேண்டும்' என்ற ஒரு வரியை டெண்டரில் சேர்க்கக் கூடுதல் செலவு ஏதுமில்லை. அந்த வரி இல்லாவிட்டால், இலவச இயங்குதளம் கையில் இருந்தும் கருவியின் ஆயுளை அதைத் தயாரித்த நிறுவனமே தீர்மானிக்கும்.