வேலைக்கு வந்தவர்கள் படித்த கல்
(பணி வழிப் பயணங்கள் – 9)

மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் விரிவான கட்டுரைகளை எழுதியவர்கள் யாருமே தொல்லியல் அறிஞர்கள் அல்ல. வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர்கள், ஒழிந்த நேரத்தில் கல்லைப் பார்க்கப் போனவர்கள்.

வில்லியம் சேம்பர்ஸ் மொழிபெயர்ப்பாளர். 1772-லும் 1776-லும் இங்கே வந்து பார்த்ததை நினைவிலிருந்து எழுதினார், 1788-ல் அச்சேறியது. கடலுக்குள் தொலைவில் கோயில் உச்சிகள் தெரிந்ததாகவும், அவற்றின் செப்புத் தகடுகள் சூரியோதயத்தில் மின்னியதாகவும் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை அவர்தான் குறித்துவைத்தார். கேட்டதைக் கதை என்று தள்ளாமல் எழுதினாரே, அது பெரிய காரியம். 2002-ல் இந்தக் கடலடியில் ஆய்வாளர்கள் கட்டுமான எச்சங்களைக் கண்டபோது அந்தப் பழைய குறிப்பு மறுபடி பேசப்பட்டது. அடுத்து 1798-ல் எழுதிய ஜான் கோல்டிங்ஹாம், சென்னையில் நட்சத்திரங்களைக் கணித்துக்கொண்டிருந்த வானியலாளர்.

என்னை அதிகம் கவர்ந்தவர் பெஞ்சமின் பேபிங்டன். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். தமிழைக் கற்றது அலுவல் அளவோடு நிற்கவில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822-ல் லண்டனில் அச்சிட்டார். மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் பற்றி அவர் எழுதியது 1830-ல் வெளியானது. யாருக்கும் பிடிபடாமல் கிடந்த எழுத்துகளைப் படிக்க அது வழி திறந்தது. பிற்பாடு மருத்துவரானார், தொண்டைக்குள் பார்க்கும் கருவியின் முன்னோடியைச் செய்தவரும் அவரே. நில அளவைக்காரர் காலின் மெக்கன்சியின் உதவியாளர் காவலி வெங்கட லட்சுமய்யாவையும் இவர்களோடு சேர்த்துச் சொல்லவேண்டும். 1803-ல் வந்து, ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் பெயர் இங்கே ஒரு பலகையிலாவது இருக்கவேண்டும்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் நடக்காத அலுவலகக் கூட்டம் இல்லை. நாள் முழுக்கக் குளிரூட்டிய அறை. மாலை ஐந்து மணிக்கு ஒரு வேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டை, கடற்கரைக் கோயில், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இத்தனை தூரம் வந்தவர்களை இப்படி அனுப்புவது அநியாயம். 2019 அக்டோபர் 11 மாலை மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் நிதானமாக நடந்து பார்த்த ஊர் இது. மறுநாள்தான் கோவளத்தில் பேச்சுவார்த்தை. 2022-ல் 180-க்கும் மேற்பட்ட நாட்டு அணிகள் வந்த செஸ் ஒலிம்பியாட்டில், பெரும்பாலான சுற்றுகள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கின. காலை வேளை மிஞ்சியது.

அந்தக் காலை வேளையைத்தான் நானும் சொல்கிறேன். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. எழும் வெயில் நேரே அதன்மேல் விழும். சாலையோரம் திறந்த வெளியில் இருப்பதால் சீட்டும் வேண்டாம். யானைகளைப் பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். அருகே இரண்டு காலில் நின்று, கையைத் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை, சுற்றிலும் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தபசியின் கைகளும் அப்படியே உயர்ந்திருக்கின்றன. அவர் அர்ச்சுனனா பகீரதனா என்பது இன்னும் தீராத வழக்கு. நடுப்பிளவில் நாகர்கள் மேலேறுகிறார்கள். ஒரு காலத்தில் அதன் வழியே தண்ணீர் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். இந்த ஒரு பாறைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் அடுத்த தடவை.

செங்கல்பட்டுப் பக்கம் வேலை என்றால் கடற்கரை வரை போகவே வேண்டாம். ஊருக்கு மிக அருகே வல்லத்தில், குன்றைக் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தில், அவனுக்குக் கீழ்ப்பட்டிருந்த வசந்தப்பிரியனின் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டே சொல்கிறது. மாமல்லன் பட்டத்துக்கு வருமுன்பே வெட்டிய குகை. பரனூர் தொழிற்பூங்காவுக்குத் தினமும் வந்துபோகிறவர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை.

கூட்டம் ஏற்பாடு செய்யும் இடத்தில் இருக்கிறீர்களா? முதல் அமர்வை 9 மணிக்குப் பதிலாக 10 மணிக்கு வையுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்து உடன் அழைத்துப் போங்கள்.