கையில் எழுதிய பாடம்

1887-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி, ஆனி ஸல்லிவன் என்னும் இருபது வயது மங்கை அமெரிக்காவிலுள்ள டஸ்கம்பியா ஊருக்கு உபாத்தியாயினியாக வந்தாள். கண்ணும் செவியும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஹெலன் கெல்லரே அவள் மாணவி. சிநேகிதி ஸோபியா ஹாப்கின்ஸுக்கு அவள் எழுதிய கடிதங்கள் 1903-ல் ஹெலனின் சுயசரிதையுடன் வெளிவந்தன. குழந்தையின் பிடிவாதத்தையோ தன் மனச்சோர்வையோ அவற்றில் அவள் மறைக்கவில்லை. ஏப்ரல் 5-ந் தேதி, ஒரு கையில் குழாய்நீர் விழ, மறு கையில் 'தண்ணீர்' என்று விரற்குறியால் எழுதினாள். பொருளுக்குப் பெயருண்டென்று குழந்தை அறிந்தது!

நமது தேசத்தில் 2016-ம் வருஷத்துச் சட்டம் இவ்விரட்டைக் குறையையும் அங்கீகரித்துள்ளது. ஆனால் சட்டம் கைபிடித்துப் பேசுமா? பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டுக் குப்பத்தில் இத்தகைய குழந்தை பிறந்தால், நீரும் வலையும் மீனுமே அதற்குப் பாடப்புத்தகம். பெயர் சொல்லித்தர ஒரு கை வேண்டும். அதைத் தேடித் தருவது நம் கடமையன்றோ?